மாதக்கணக்கில் காதுக்குள்ளேயே இருக்கும் செவித்துணைக் கருவி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

எனக்குக் காது மந்தமாகத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 9 ஆண்டுகளாகக் காதுக்குப் பின்னால் வைக்கும் கருவியை இரு காதுகளிலும் அணிந்து வருகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருப்பக்கம் யாருக்காவது செவித்திறன் குறைந்தால், டாக்டரிடம் போவதற்கு முன்போ பின்போ என்னிடம் வந்து ஒருமுறை பேசிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலமாக அவர்களில் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சார், வெளியிலேயே தெரியாத மெஷின் ஒன்று இருக்கிறதாமே, உள்ளே வைத்துவிட்டால் மூன்று நான்கு மாதம் கழற்றவே வேண்டாமாமே, அதை வாங்கலாமா?"

அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. காதுக்குழாயின் அமைப்பு, உடம்பில் ஏற்கெனவே உள்ள நோய்கள், குளிக்கும் பழக்கம், கருவியை மாற்றித் தருகிறவர் இருக்கும் ஊரின் தூரம் ஆகிய நான்கையும் அந்த வரிசையிலேயே பார்த்தால் பதில் தானாகத் தெளிந்துவிடும். பெரும்பாலோர் விலையில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆகவே இங்கே எழுதியிருப்பதை மருத்துவரிடம் போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவி எங்கே உட்காருகிறது

பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. வெளிப்பகுதி குருத்தெலும்பாலும் உட்பகுதி எலும்பாலும் ஆனது. குறும்பி சுரப்பதும் முடி முளைப்பதும் வெளிப்பகுதியில்தான். உட்பகுதியின் தோல் மிக மெல்லியது, அதில் சுரப்பிகள் இல்லை. நாள்தோறும் கழற்றி மாட்டும் சிறிய கருவிகள் பெரும்பாலும் வெளிப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. நாம் பேசும் நீடித்து அணியும் கருவியோ எலும்புப் பகுதிக்குள், காது ஜவ்வுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தூரத்தில் வைக்கப்படுகிறது. எதிரே நின்று காதை உற்றுப் பார்ப்பவர்களுக்கும் அது தென்படாது.

இவ்வகையில் உலக அளவில் அறியப்பட்ட கருவி 'லிரிக்' என்பது. கலிஃபோர்னியாவில் இருந்த இன்சவுண்ட் மெடிக்கல் என்ற நிறுவனம் உருவாக்கிய அதை, 2010-ல் அந்த நிறுவனத்தையே வாங்கியதன் மூலம் சுவிட்சர்லாந்தின் சோனோவா குழுமம் தன்வசமாக்கியது. பின்னர் அது ஃபோனாக் என்ற பெயரின் கீழ் விற்பனைக்கு வந்தது. மைக், ஒலிபெருக்கும் சுற்று, பேட்டரி மூன்றும் ஒரே சிறு உருளையில் அடங்கியிருக்க, அதைச் சுற்றிப் பஞ்சு போன்ற மென்மையான இரு உறைகள் குழாயின் சுவரோடு பொருந்தி நிற்கும். பேட்டரியை மாற்ற முடியாது, சார்ஜ் ஏற்றவும் முடியாது. அது தீர்ந்தவுடன், அல்லது அதிகபட்சம் 120 நாளில், பயிற்சி பெற்ற செவியியல் வல்லுநர் (ஆடியாலஜிஸ்ட்) பழையதை எடுத்து எறிந்துவிட்டுப் புதியதை வைப்பார். ஆகவே இது ஒருமுறை வாங்கும் பொருளன்று. ஆண்டுச் சந்தா கட்டிப் பெறும் சேவை. பணத்தைப் பற்றிப் பின்னர் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அறுவை சிகிச்சை எதுவும் இதில் இல்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் போல எதையோ உள்ளே பதித்துத் தைக்கிறார்கள் என்று எண்ணி அஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உருப்பெருக்கியின் வழியே பார்த்துக்கொண்டு, சில நிமிடங்களில் கருவியைத் தள்ளி வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் காதைப் பார்க்கட்டும்

கருவியைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்பு காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் காதின் உள்ளே பார்த்திருக்க வேண்டும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. குறும்பி அடைத்துக்கொண்டிருந்தாலே காது பாதி மந்தமாகிவிடும். அதை எடுத்தவுடன் "எனக்கு மெஷினே வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர்கள் உண்டு. திடீரென்று, ஓரிரு நாளுக்குள் ஒரு காது கேட்காமல் போனால் அதைக் கருவிக் கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. அது அவசரச் சிகிச்சை வேண்டிய நிலை. மருந்தால் மீட்கக்கூடிய காலம் குறுகியது. சீழ் வடிதல், தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் இரைச்சல் ஆகியவையும் முதலில் மருத்துவருக்கு உரியவை.

அடுத்தது செவித்திறன் பரிசோதனை. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி உங்களுக்குக் கேட்கிறது என்று அளந்து வரைபடமாகத் தருவார்கள், அதுவே ஆடியோகிராம். அதன் படியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள். எனக்கு முதல் கருவியை விற்ற கடையில் ஆடியோகிராமே எடுக்கவில்லை. கைதட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம், ஆனால் அந்தக் கருவி இன்றுவரை அலமாரியில்தான் இருக்கிறது. பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவுபெற்ற ஆடியாலஜிஸ்ட்டா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின் வகைப்பாட்டின்படி, இரண்டில் சற்று நன்றாகக் கேட்கும் காதில், கேட்கத் தொடங்கும் ஒலியளவு 20 முதல் 35 டெசிபலுக்குள் இருப்பது லேசான குறை, 35 முதல் 50 வரை மிதமானது, 50 முதல் 65 வரை ஓரளவு கடுமையானது, அதற்கு மேல் கடுமையானது. நீடித்து அணியும் கருவி பொதுவாக லேசானது முதல் ஓரளவு கடுமையானது வரைக்கும் உரியது. அவ்வளவு சிறிய பேட்டரியிலிருந்து அதற்கு மேற்பட்ட ஒலிவலுவை எதிர்பார்க்க முடியாது. உங்கள் ஆடியோகிராமில் கோடு அதற்குக் கீழே இறங்கியிருந்தால், இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்குத் தேவையில்லை; காதுக்குப் பின்னால் வைக்கும் வலுவான கருவியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கோடு எல்லைக்குள் இருந்தாலும் குழாயின் வடிவம் ஒத்துவர வேண்டும். மிகக் குறுகிய குழாய், கூர்மையாக வளைந்த குழாய், எலும்பு புடைத்த குழாய் உள்ளவர்களுக்குக் கருவி பாதுகாப்பாக உட்காராது. ஜவ்வில் ஓட்டை இருந்தாலும், நடுக்காதில் குழல் வைத்திருந்தாலும், காதுக்குள் முன்பு அறுவை நடந்திருந்தாலும் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள்.

சர்க்கரையும் இரத்த மெலிவு மாத்திரையும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் தடுக்கி நின்ற இடமும் இதுதான். காதுக்குழாயின் உட்பகுதித் தோல் காகிதம்போல மெல்லியது. அதன்மேல் ஒரு பொருள் மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும்போது சிறு உரசலோ புண்ணோ ஏற்படலாம். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு, கருவியை எடுத்துச் சில வாரம் காதை ஓய்வில் விட்டால் அது ஆறிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கோ சிறு புண்ணும் பெருகிவிடும். அவர்களிடையே காதுக்குழாயில் தொடங்கும் கிருமித்தொற்று அரிதாக மண்டையோட்டு எலும்புவரை பரவி உயிருக்கே ஆபத்தாவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியானபோது, நீரிழிவு மிகுந்த இடங்களில் 26.4 விழுக்காட்டுடன் கோவா முதலிடத்திலும் 26.3 விழுக்காட்டுடன் புதுச்சேரி அடுத்தும் இருந்தன. வயது வந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்று ஆகிறது. அப்படியிருக்க, நம் பகுதியில் இந்தக் கருவியைக் கேட்டு வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்குப் பின்னரோ இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தலை அல்லது கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரும் அதைக் கருவி வைப்பவரிடம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் கருவி கிடைத்துவிடலாம், காதுதான் நம்முடையது. மாத்திரைச் சீட்டுகளைப் பையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பெயர் நினைவில்லை, வெள்ளை நிறம், வட்டமாக இருக்கும் என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

எண்ணெயும் கடலும்

கருவியோடு வரும் குறிப்பேடுகளில் நீச்சல் குளம், ஆழ்கடல் மூழ்கல் ஆகியவற்றை மட்டும் எழுதியிருப்பார்கள். நம் வீடுகளில் அதைவிடப் பெரிய இடர் எண்ணெய்க் கிண்ணம்தான். என் சித்தி மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறான். இரண்டு காதிலும் நீடித்து அணியும் கருவி வைத்திருக்கிறான். தீபாவளிக்கு வந்தவனை விடியற்காலையில் மனையில் உட்காரவைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயோடு சித்தி நெருங்கியபோது அவன் துள்ளி எழுந்த காட்சியை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "ரெண்டு சொட்டு காதுல விடாம என்னடா எண்ணெய்க் குளியல்?" என்று சித்திக்குக் கோபம். அவனுக்கோ அந்த இரண்டு சொட்டு போனால் இரண்டு கருவிகளும் போய்விடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். காதுக்குள் விடக் கூடாது. காது வலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றுவது, தீக்குச்சியால் குடைவது, கோழியிறகை விட்டுச் சுழற்றுவது, பட்ஸ் போடுவது எல்லாம் கருவி உள்ளே இருக்கும்வரை அறவே நிற்க வேண்டும். மருத்துவர் தரும் சொட்டு மருந்தைக்கூடக் கருவியை எடுத்த பிறகே விட வேண்டும். வீட்டில் உள்ள முதியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் அன்பினால்தான் ஊற்றுவார்கள்.

குளியலைப் பொறுத்தவரை வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வதும் ஷவரில் நிற்பதும் பொதுவாகத் தடையில்லை. நீர் நேராகக் காதுக்குள் பீறிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தலையை நீருக்குள் அமிழ்த்தக் கூடாது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ தீர்த்தவாரிக்குப் போய்க் கடலில் முழுக்குப் போடுகிறவர்கள் அன்று கரையில் நின்று தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். படகில் போய் வலைக்காக நீரில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் கருவியை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்த காதில் பூஞ்சை எளிதில் வரும். எண்ணெய் விடும் பழக்கம் அதற்கு உரமிடுவதுபோல. கருவியின் உறை ஈரத்தை ஓரளவு வெளியேற விடும் என்றாலும், குழாய் அடைபட்டிருக்கிறது என்பது உண்மையே. மேலும் காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்து, உதிர்ந்த செதில்களைத் தானே வெளியே தள்ளும் இயல்புடையது. நடுவில் ஒரு தடை இருக்கும்போது அந்தக் கழிவு அங்கேயே தங்குகிறது. கருவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் காதைச் சுத்தம் செய்து தோலைப் பார்த்துவிட்டுத்தான் புதியது வைக்க வேண்டும். அந்தப் பார்வையில்லாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். முன்பு காதுப் பூஞ்சை வந்து அவதிப்பட்டவர்கள் அதை மருத்துவரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இதனால் கிடைப்பது

இவ்வளவும் கடந்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் நன்மை உண்மையிலேயே பெரிது. ஆனால் அது வெளியே தெரியாமலிருப்பதில் மட்டும் அடங்கியிருக்கவில்லை.

காது மடல் இயற்கை நமக்குத் தந்த ஒலி வாங்கி. அதன் மடிப்புகள் வழியாக வரும்போதுதான் ஒலி முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று மூளைக்குப் புரிகிறது. என்னுடையதைப் போல மைக் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியில் அந்த உதவி பெருமளவு போய்விடுகிறது; பாரதி சாலையைக் கடக்கும்போது பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் எந்தப் பக்கம் என்று நான் இன்றும் தடுமாறுவேன். மைக் உள்ளே ஆழத்தில் இருக்கும் கருவியில் மடல் தன் வேலையைச் செய்கிறது. கடற்கரைச் சாலையில் மாலையில் நடந்தால் என் கருவியில் காற்று அறைவது போன்ற இரைச்சல் கேட்கும். என் சித்தி மகனின் கருவியில் அது மிகக் குறைவு. கருவிக்கும் ஜவ்வுக்கும் இடையே உள்ள இடம் சிறியது என்பதால் குறைந்த வலுவிலேயே போதிய ஒலி கிடைக்கிறது. எலும்புப் பகுதியில் அடைபட்டிருப்பதால், குடத்துக்குள் பேசுவதுபோல் தன் குரலே முழங்கும் தொல்லையும் குறைகிறது. செல்ஃபோனை எல்லாரையும் போலக் காதில் வைத்துப் பேசலாம். ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் கருவி தெறித்து விழாது. மூக்குக் கண்ணாடி, முகக்கவசம், கருவி மூன்றும் ஒரே காதின் பின்னால் இடம் தேடுவதன் சிரமம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கை நடுக்கம் உள்ளவர்களும் கண் பார்வை மங்கியவர்களும் தினமும் சிறு பேட்டரியைத் திருப்பிப் போடும் வேலையிலிருந்து விடுபடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவிலும் காது கேட்கிறது. என்னைப் போன்றவர்கள் கருவியைக் கழற்றிப் படுத்தால் விடியும்வரை வேறு உலகில் இருப்போம். கதவு தட்டினாலும், மனைவி கூப்பிட்டாலும் தெரியாது. காதில் இரைச்சல் உள்ளவர்களில் சிலர், படுக்கையிலும் வெளி ஒலி கேட்டுக்கொண்டிருப்பதால் அந்த இரைச்சல் பின்னுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். ஆடி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தம் வைத்த சிறு கோல் ஒன்று கருவியோடு தருவார்கள். அதைக் காதருகே காட்டி ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், உறங்கும்போது அமர்த்தி வைக்கலாம்.

இதனால் இழப்பது

இன்றைய நல்ல டிஜிட்டல் கருவிகளில் உள்ள பல வசதிகள் இதில் இல்லை. செல்ஃபோனிலிருந்து புளூடூத் வழியாகப் பேச்சையோ பாட்டையோ நேராகக் காதுக்கு அனுப்ப முடியாது. இரண்டு மைக் வைத்து, எதிரே பேசுகிறவரின் குரலை மட்டும் பிரித்து உயர்த்தும் வேலையையும் இது செய்யாது. கல்யாண மண்டபத்தில் நாகசுரமும் தவிலும் ஒருபக்கம், பந்தி இரைச்சல் மறுபக்கம் என்று இருக்கும்போது என் கருவி எனக்குச் சற்று உதவும். என் சித்தி மகன் அந்த இடத்தில் என்னைவிடச் சிரமப்பட்டான். வேலையில் நாள்முழுதும் ஃபோனிலும் கூட்டங்களிலும் இருப்பவர்கள் இதை நன்றாக எடைபோட வேண்டும்.

பலர் நினைத்துப் பார்க்காத இழப்பு ஒன்றும் உண்டு. கருவி வெளியே தெரியும்போது எதிரில் இருப்பவர் தானாகவே முகம் பார்த்து, சற்று நிறுத்திப் பேசுகிறார். தெரியாதபோது நமக்கு முழுக்காது கேட்கிறது என்று எண்ணிக்கொண்டு முதுகைக் காட்டிப் பேசுகிறார். பதில் வராவிட்டால் திமிர் என்று நினைத்துக்கொள்கிறார். கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத நாம் காது மெஷினுக்கு மட்டும் ஏன் இப்படிக் கூசுகிறோம் என்பது வேறு கதை. மறைத்துவைக்கும் ஆசை மட்டுமே காரணமென்றால், இதற்காக இவ்வளவு தொல்லைக்கும் செலவுக்கும் உட்படத் தேவையில்லை என்றே நான் சொல்வேன். மேற்சொன்ன நன்மைகளில் ஏதேனும் ஒன்றாவது உங்களுக்கு உண்மையில் தேவைப்பட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதற்கு முன் கருவியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். விபத்தில் மயங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுபோனால், வெளியே தெரியாத கருவி உள்ளே இருக்கிறது என்று அங்குள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? பர்சில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும்.

தூரமும் பணமும் மழைக்காலமும்

120 நாள் என்பது மேல் எல்லை. ஒரு காதுக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று கருவிகள், இரு காதுக்கு ஆறு, ஐந்தாண்டில் முப்பது. பேட்டரி முன்னதாகத் தீர்ந்தாலோ குறும்பி அடைத்தாலோ இன்னும் கூடும். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்றவரிடம் நேரில் போக வேண்டும். ஊரில் உள்ள எல்லா ஆடியாலஜிஸ்ட்டும் இதைச் செய்ய முடியாது. ஆகவே பணம் கட்டும் முன், இதை வைக்கவும் எடுக்கவும் பயிற்சி பெற்றவர் எந்த ஊரில் இருக்கிறார், அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் யார் என்று கேளுங்கள். விடை சென்னை என்றால், புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து இன்னும் கூடுதல். அதைவிடத் தொலைவு என்றால் எனக்குத் தெரிந்தவரை நடைமுறைக்கு ஒத்துவராது.

என் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது புறப்படும் அவசரத்தில் கருவியை மாற்றிக்கொள்ளாமல் வந்துவிட்டான். நாள் கணக்கு இங்கே இருக்கும்போது முடிந்தது. ஒரு காது நின்ற நாலாம் நாள் மற்றதும் நின்றது. கருவியோடு கொடுத்திருந்த சிறு கொக்கியால் அவனே வெளியே எடுத்துவிட்டான். ஆனால் திரும்பிப் போகும்வரை மூன்று வாரம் நாங்கள் எல்லாரும் அவனிடம் கத்திப் பேசினோம். நாள்தோறும் கழற்றி மாட்டும் பழைய கருவி ஒன்றைக் கையோடு எடுத்து வந்திருந்தால் அந்த விடுமுறை நன்றாகக் கழிந்திருக்கும்.

புயல் மாதங்களில் இது இருபுறமும் வெட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த பிறகு, கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. சார்ஜ் ஏற்றும் கருவி வைத்திருப்பவர் அப்படிப்பட்ட நாளில் செவிடாகிவிடுவார், நீடித்து அணியும் கருவி வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. மாறாக, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறிச் சாலைகள் மூழ்கிய வாரத்தில் கருவியின் தவணை முடிந்திருந்தால், மாற்றுவதற்குப் போக வழியிருந்திருக்காது. ஆண்டில் மூன்று மாற்றங்களில் ஒன்று அக்டோபர் முதல் பாதியில் வரும்படி நாள் குறித்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழையின் கடுமையான மாதங்கள் தாண்டிவிடும்.

செலவைக் கணக்கிடும்போது முதலாண்டுத் தொகையை நாள்தோறும் அணியும் கருவியின் விலையோடு ஒப்பிடாதீர்கள். நல்ல முறையில் வைத்துக்கொண்டால் சாதாரணக் கருவி ஒரு ஜோடி ஏறத்தாழ ஐந்தாண்டு உழைக்கும். ஆகவே சந்தாவை ஐந்தால் பெருக்கி, அதனோடு போக்குவரத்தையும் அந்த நாட்களின் கூலி இழப்பையும் கூட்டி, பின்னர் ஒப்பிடுங்கள். அமெரிக்காவிலேயே இரு காதுக்கும் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது. சந்தாவை நடுவில் நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் முதலாண்டை மகன் கட்டுவான் என்று தொடங்கிவிட்டு, மூன்றாம் ஆண்டில் சங்கடப்படக் கூடாது.

முதல் வாரம்

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் சோதனைக் காலம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஊசி முனைபோல் குத்தும் வலி இருந்தால் அன்றே திரும்பிப் போங்கள். அளவு தவறியிருக்கலாம், அடுத்த அளவு பொருந்தலாம். முதல் சில நாள் உள்ளே ஏதோ இருக்கிறது என்ற உணர்வும், மென்று தின்னும்போது லேசான அழுத்தமும் இருப்பது இயல்பு. வலி கூடிக்கொண்டே போதல், நீர் வடிதல், நாற்றம், காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் கருவியை எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 'சந்தா வீணாகுமே' என்று பொறுத்திருக்கக் கூடாது.

இதற்காகவே, கருவி வைத்த அன்று அங்கிருந்து எழுந்து வருவதற்கு முன்பு, வைத்தவரின் முன்னிலையில் நீங்களே ஒருமுறை அதை வெளியே எடுத்துக் காட்டுங்கள். உங்கள் கை நடுங்கினால் உடன் வந்த மகளோ மருமகனோ செய்து பழகட்டும். மறுபடி வைக்க அவருக்குச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஒத்துவராது என்று தெரிந்தால்

மறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, காதுக்குழாய்க்குள் முழுவதும் அடங்கி, இரவில் கழற்றி வைக்கும் சிறு கருவிகள் உண்டு; பத்தாம் எண் என்ற மஞ்சள் பட்டை பேட்டரியில் அவை பெரும்பாலும் ஓடுகின்றன. சர்க்கரை உள்ளவர்களும் இரவில் காதுக்கு ஓய்வு கொடுத்து அவற்றை அணிய முடிகிறதா என்று மருத்துவரைக் கேட்கலாம். நான் காதுக்குப் பின்னால் வைப்பதையே தேர்ந்தேன். அதன் மெல்லிய கம்பி என் நரைமுடியில் தெரிவதில்லை, பூஞ்சை வந்த மாதங்களில் கழற்றி வைக்கவும் முடிந்தது.

வசதி குறைந்தவர்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மைய அரசின் அடிப் திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு, காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி இலவசமாகவோ சலுகையிலோ கிடைக்கிறது. அதற்கு மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரு காதிலும் பேச்சு ஒலி அளவில் 60 முதல் 70 டெசிபல் வரை குறை உள்ளவர் செவித்திறன் குறைந்தவர், 70-க்கு மேல் உள்ளவர் காது கேளாதவர். நீடித்து அணியும் கருவி பொருந்தக்கூடிய காதுகளில் பெரும்பகுதி அந்த 60-க்கு உள்ளேயே இருப்பதால், சான்றின் பயனை எதிர்பார்த்து இந்தச் சந்தாவில் இறங்க முடியாது. சான்றுக்குத் தகுதி உள்ளவர்கள் ஆடியோகிராமோடு யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.